குவாண்டம் புத்தகம் படிக்கும் மகளை என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு,

குவாண்டம் இயற்பியலையும் மனித உணர்வையும் சேர்த்துப் பேசும் புத்தகங்களிலேயே மகள் மூழ்கிக் கிடக்கிறாள், அவளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள்: பேத்தி சாமியாராகப் போகவில்லை. பிளஸ் டூ படிக்கும் பெண் சாப்பாட்டு வேளையில் ‘நாம் பார்க்காதபோது நிலா இருக்கிறதா?’ என்று கேட்டால் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் அதே கேள்வியை ஐன்ஸ்டீனும் நண்பர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அவர் காவி கட்டவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு ஒன்று, உங்கள் கொழுந்தனார் சொன்ன ‘குவாண்டம் மைண்ட்’ சான்றிதழ் வகுப்பு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். புத்தகங்களை முதலில் பேசிவிடலாம்.

அவள் படிக்கும் புத்தகங்களில் உண்மை நிறையவே இருக்கிறது. 1900இல் மாக்ஸ் பிளாங்க் தொடங்கி வைத்து, 1925, 1926 ஆண்டுகளில் ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் கணித வடிவம் கொடுத்த இயற்பியல் அது; அணு, எலக்ட்ரான் போன்ற மிக நுண்ணிய துகள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்வது. உங்கள் கைப்பேசியின் சில்லும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. இயந்திரமும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் ஊறியவர் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதும் சரி. ஆனால் அவருடைய சமன்பாட்டில் வேதாந்தம் எங்கும் கிடையாது. பிற்பாடு நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் யூஜின் விக்னர், ஒரு துகளை அளக்கும்போது பல சாத்தியங்களில் ஒன்றை முடிவாக்குவது பார்ப்பவரின் மனம்தான் என்ற பொருளில் 1961இல் எழுதினார். வயதான காலத்தில் அவரே அந்தக் கருத்திலிருந்து விலகிவிட்டார். புத்தகக் கடைகளில் மட்டும் 1961ஆம் ஆண்டு விக்னர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

இரட்டைப் பிளவுச் சோதனையைப் பற்றி அவள் கட்டாயம் உங்களிடம் சொல்லியிருப்பாள். எலக்ட்ரான்களை இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக அனுப்பினால், இரண்டு அலைகள் கலந்ததுபோலத் திரையில் வரிவரியாக ஒரு கோலம் விழும்; அதுதான் குறுக்கீட்டுக் கோலம். எலக்ட்ரான் எந்தப் பிளவு வழியாகப் போனது என்று பதிவு செய்ய ஒரு கருவியை வைத்தால், அந்தக் கோலம் அழிந்துவிடுகிறது. ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனாலும் அது அழியத்தான் செய்யும். கருவி போதும், அதைப் பார்க்க மனிதர் தேவையில்லை. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு வந்தால் நல்ல அறிகுறி.

இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸும் மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹாமராஃபும் 1990களில் முன்வைத்த கோட்பாட்டை, கைவிடப்பட்ட இப்படிப்பட்ட கருத்துகளோடு சேர்க்க மாட்டேன். நரம்புச் செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்களில் குவாண்டம் நிகழ்வு நடக்கிறது, உணர்வு அங்கிருந்து எழுகிறது என்பது அவர்கள் வாதம். மூளையின் வெப்பத்தில் அப்படிப்பட்ட நிலை, ஒரு வினாடியைப் பத்து லட்சம் கோடித் துண்டுகளாக்கினால் வரும் ஒரு துண்டு நேரத்துக்கு மேல் தாங்காது என்று இயற்பியலாளர் மேக்ஸ் டெக்மார்க் 2000இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஹாமராஃப் தரப்பு அந்தக் கணக்கை மறுத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. பெரும்பாலான இயற்பியலாளர்கள் நம்பவில்லை. ஆனாலும் அது, சோதித்துத் தவறென்று காட்ட இடம் கொடுக்கிற கோட்பாடு. அதற்காகவே அதற்கு மரியாதை உண்டு. பென்ரோஸுக்கு 2020இல் நோபல் கிடைத்தது கருந்துளை ஆய்வுக்காக. அட்டையில் ‘நோபல் பரிசு பெற்றவர்’ என்று பார்த்துவிட்டு, உணர்வுக் கோட்பாட்டுக்கே பரிசு கிடைத்ததாக அவள் நினைத்துவிடக் கூடாது.

‘நினைத்தால் நடக்கும், அதுதான் குவாண்டம்’ என்று சொல்லும் புத்தகங்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இனி என் வேலை, அதாவது எந்தப் படிப்பு என்று சொல்வது. இந்த வகைப் புத்தகங்கள் இயற்பியல், மூளை ஆராய்ச்சி, தத்துவம் ஆகியவற்றை ஒரே அட்டைக்குள் கட்டித் தருகின்றன. மூன்றுக்கும் கல்லூரிகள் வேறு, தேர்வுகள் வேறு, பிழைப்பும் வேறு. உங்கள் மகளை இழுப்பது எது என்று அவளே இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அவளைத் திட்டாமல் புத்தகத்தை ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். பென்சில் கோடு எங்கே விழுந்திருக்கிறது, எந்தப் பக்கம் மடித்திருக்கிறது என்று பாருங்கள். எலக்ட்ரான், அளவீடு, ஒரு துகளைத் தொட்டால் தொலைவில் உள்ள ஜோடித் துகளின் முடிவும் அதோடு பொருந்துவது ஏன் என்ற இடங்களில் கோடு இருந்தால் அவள் இயற்பியல்காரி. மயக்க மருந்து கொடுத்ததும் ‘நான்’ எங்கே போகிறது என்ற இடத்தில் இருந்தால் மூளைப் பக்கம். ‘நான் என்பது யார்’ என்ற இடத்திலேயே எல்லாக் கோடுகளும் குவிந்திருந்தால் தத்துவம்.

இயற்பியல் என்றால் ஒரு சோதனை வைப்பேன். இந்தப் புத்தகங்களில் சமன்பாடுகளை எடுத்துவிடுகிறார்கள். கடையில் மடித்து வைத்த லுங்கியை மட்டும் பார்ப்பவருக்குப் பாவு ஓட்டுகிற பாடு தெரியாது. தறி வைத்திருக்கும் உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அவளுடைய பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்கள் அணிகளும் (மேட்ரிக்ஸ்) கலப்பு எண்களும் (காம்ப்ளெக்ஸ் நம்பர்ஸ்). தேர்வுக்காகப் படித்துத் தள்ளிவிடும் அந்தப் பக்கங்கள்தான் குவாண்டம் இயற்பியலின் எழுத்துகள். ஒரு துகளின் நிலையைக் கலப்பு எண்களின் வரிசையாக எழுதுவார்கள், அளவீட்டை அணியாக எழுதுவார்கள். அந்தக் கணக்குகளை யாரும் சொல்லாமலே உட்கார்ந்து போடுகிறாளா? போட்டு முடித்து, அடுத்து என்ன என்று கேட்கிறாளா? ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் குவாண்டம் இயற்பியல் வகுப்புகள், என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் காணொளிகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கானவை, பாதி புரியாது. புரியாமலும் மூன்றாவது வகுப்புக்குப் போகிறாளா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

போகிறாள் என்றால், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான திருப்பதி ஐசரைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி. வளாகம் அங்கிருந்து சற்றுத் தள்ளி ஏர்ப்பேட்டில். பெண்ணைத் தொலைவுக்கு அனுப்ப மாட்டேன் என்கிற உங்கள் கணவருக்குச் சென்னையை விட அதுவே தோதுப்படலாம். ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலிருந்தும் சம அளவில் கேள்வி வரும். அவள் பயோ மேத்ஸ் குரூப் என்பது இங்கே லாபம். கேள்வித்தாள் தமிழில் வராது, ஆங்கிலத்தில் பழக வேண்டும். பொதுத் தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரல் வாக்கிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் வாய்ப்பு போய்விடும். கிடைக்காவிட்டால் வேலூரிலேயே முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலோ ஊரிசு கல்லூரியிலோ பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அது குறைந்த வழி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சம்பளத்தைக் கேட்டிருக்கிறீர்கள். வெறும் பி.எஸ்சி. இயற்பியலுக்கு நல்ல வேலை இல்லை. இதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. முடித்து பி.எட். படித்தால் ஆசிரியப் பணி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி ஆராய்ச்சிக்குப் போனால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும்; ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் அதிலேயே ஓடும். திருமணப் பேச்சும் அந்த ஆண்டுகளில்தான் வரும், அதை இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவ இயற்பியல் என்று ஒரு துறை இருப்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியவில்லை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் அளவு கணக்கிட அவர்கள் இருந்தாக வேண்டும். மத்திய அரசு 2023இல் 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, அதன் தகவல் தொடர்புப் பிரிவுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ்தான் மையம். அங்கே பி.இ. படித்தவர்களுக்கும் இடம் உண்டு. ஆகவே உங்கள் கணவர் மின்னணுப் பொறியியலைப் பிடித்துக்கொண்டால் சண்டை போட வேண்டாம். அந்த வழியாகவும் போகலாம்.

மூளைப் பக்கம் என்றால் நீங்கள் இருக்கும் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில். உணர்வு என்பது அங்கே தத்துவம் கிடையாது. விபத்தில் அடிபட்டு வருபவர் கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கையை அசைக்கிறாரா என்று பார்த்து, 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 1974இல் கிளாஸ்கோவில் உருவான முறை அது. நீங்கள் ஆசைப்படும் நர்சிங் படிப்பு அவளுடைய கேள்விக்கு அவ்வளவு தூரமில்லை என்பதை இதைச் சொல்லி அவளுக்குக் காட்டலாம். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு ஐ.ஐ.டி. காந்திநகரில் மனம் எப்படி அறிகிறது என்று ஆராயும் அறிதிறன் அறிவியல், பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் என்று கதவுகள் உண்டு.

தத்துவம் என்றதும் உங்கள் வீட்டில் சிரிப்பார்கள். ஊரிசு கல்லூரியில் படித்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன், பிறகு சென்னையில் பட்டப்படிப்புக்குத் தத்துவத்தை எடுத்ததற்கு, உறவினர் ஒருவர் தன் பழைய பாடப்புத்தகங்களைக் கொடுத்ததும் ஒரு காரணம். இன்று வசதி குறைந்த குடும்பத்துக்கு அதை முதல் பட்டமாக நான் சொல்ல மாட்டேன். வேறு பட்டம் வாங்கிக்கொண்டு முதுநிலையில் போகட்டும்.

கொழுந்தனார் சொன்ன வகுப்புக்கு வருகிறேன். குவாண்டத்தையும் மனத்தையும் சேர்த்துச் சில வாரங்களில் தரும் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் வேலைத் தேர்வாணையமும் கண்டுகொள்ளாது. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாடத்திட்டத்தில் அணிக் கணக்கு இருக்கிறதா? சிரித்து மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். சொந்தக்காரர் சொன்னார் என்ற தாட்சண்யத்துக்குத் தறிக்கு நூல் வாங்கும் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. ஐசர் போன்ற மத்திய நிறுவனங்களில் இட ஒதுக்கீடு கேட்க, கையில் இருக்கும் மாநில பி.சி. சாதிச் சான்றிதழ் போதாது. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். வருமான விவரம் கேட்பார்கள், சான்றிதழ் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் குடியாத்தம் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் சேர்வதற்கு முன் போய்விடுங்கள்.