கன்னத்தைக் கடித்துக்கொள்வதற்கு எதை வாங்குவது?

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு கேப் (பல்லை மூடும் செயற்கை மூடி) போட்டுக்கொண்டேன். அதன்பின் சாப்பிடும்போது அந்தப் பக்கத்துக் கன்னத்தின் உட்புறத்தை அடிக்கடி கடித்துக்கொள்கிறேன்; புண் ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் பல் பட்டுவிடுகிறது. மருந்துக்கடையில் ஜெல், மவுத்வாஷ், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஆகிய மூன்றையும் வாங்கிப் பயன்படுத்திவிட்டேன். இணையத்தில் விற்கும் நைட் கார்டை வாங்கினால் இது நிற்குமா?

பதில்: நிற்காது, தயவுசெய்து வாங்காதீர்கள். நைட் கார்டு என்பது தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் பல்வரிசையின் மேல் மாட்டிக்கொள்ளும் காப்பு. உணவை மெல்லும்போது அதை அணிந்துகொள்ள முடியாது. உங்களுக்குத் தொல்லை வருவதோ மெல்லும்போதுதான். வாயில் வைக்கும் பொருள் என்பதால், உறையைப் பிரித்துவிட்டால் விற்பவர் பெரும்பாலும் அதைத் திரும்பப் பெறவும் மாட்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கேப் போட்ட காலம். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் இயல்பாகவே கீழ்வரிசையைவிடச் சற்று வெளியே தள்ளி அமைந்திருக்கும். அந்தச் சிறிய இடைவெளிதான் வாயை மூடும்போது கன்னச் சதையைப் பற்களுக்கிடையே சிக்காமல் ஒதுக்கி வைக்கிறது. கேப்பின் வெளி விளிம்பு எதிர்ப்பல்லின் விளிம்போடு நேருக்கு நேர் பொருந்தும்படி அமைந்துவிட்டாலோ, விளிம்பு கூர்மையாக இருந்தாலோ, சதை உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒருமுறை கடிபட்ட இடம் வீங்கி மேலெழும்பி நிற்பதால் அடுத்த வேளை உணவிலும் அதே இடம் பல்லுக்கு அகப்படுகிறது. வெளிப்புறமாகச் சாய்ந்து வளர்ந்த ஞானப்பல்லும், சரியாகப் பொருந்தாத பல்செட்டும் இதே தொல்லையைத் தரும். ஆனால் உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது கேப்தான்.

ஆகவே, கேப் போட்ட மருத்துவமனைக்கே ரசீதுடன் செல்லுங்கள். "வாயில் புண்" என்று மட்டும் சொன்னால் இன்னொரு ஜெல்லோடு திரும்பி வர நேரலாம். எந்தப் பல், எந்த நாளிலிருந்து, எத்தனை முறை என்பதைச் சொல்லி, கேப்பின் பொருத்தத்தைச் சோதிக்கும்படி தெளிவாகக் கேளுங்கள். நிறம் ஒட்டும் மெல்லிய தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே கூடுதலாக அழுந்துகிறது என்பதை மருத்துவர் கண்டறிவார். விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்குவதே பல நேரங்களில் போதுமானது. கேப்பைப் பொருத்தமாகச் சரிசெய்து தருவது முதலில் செய்த வேலையின் பகுதியே என்பது என் கருத்து. இருந்தாலும், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். புதிதாகச் செய்ய வேண்டும் என்றால் காரணத்தையும் செலவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவற்றில் ஜெல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய ஜெல்களில் கலந்திருக்கும் பென்சோகைன், லிடோகைன் போன்ற மருந்துகள் வலியைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும். சாப்பாட்டுக்குச் சற்று முன் தடவினால், உணர்விழந்த கன்னத்தை இன்னும் ஆழமாகக் கடித்துக்கொள்ள நேரும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவை மாறும். ஆல்கஹால் கலந்தவை புண்ணில் எரியும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிப்பதே இப்போதைக்குப் போதும். வைட்டமின் மாத்திரை கடிபட்ட காயத்துக்கு மருந்தன்று. சத்துக் குறைவால் வரும் வாய்ப்புண் வேறு வகையைச் சேர்ந்தது.

மீண்டும் கடிபடாமல் இருந்தால் இத்தகைய புண் பொதுவாக 7 முதல் 14 நாட்களில் ஆறிவிடும். 3 வாரங்களைக் கடந்தும் ஆறாத புண்ணையும், தடித்துக் கட்டியாக நிற்கும் இடத்தையும் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்களுக்கு மூன்று மாதங்களாகிவிட்டதால், கேப்பைச் சோதிக்கும் அன்றே அந்த இடத்தையும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் ஒன்றரை வயது மகள் சாப்பிடும்போது உதட்டின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய ஜெல் இருக்கிறது. அதைச் சிறிதளவு தடவலாமா?

பதில்: வேண்டாம், சிறிதளவுகூட. அதில் மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் இருந்தால், அது இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனைக் குறைக்கும் ஆபத்து அரிதாக உண்டு. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு பென்சோகைனைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. கோலின் சாலிசிலேட் என்ற வலிநிவாரணி கலந்த வாய்ப்புண் ஜெல்லை 16 வயதுக்குட்பட்டோருக்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் அறிவுறுத்தியது. ஒரே பெயரில் வரும் ஜெல்களிலும் மருந்துச் சேர்க்கை மாறுபடக்கூடும் என்பதால், முன்பக்கத்துப் பெயரை நம்பாமல் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சேர்க்கையைப் படியுங்கள். இப்போது செய்ய வேண்டியது, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, உதட்டின் மேல் மெதுவாக அழுத்திப் பிடிப்பதுதான். 10 நிமிடங்கள் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்ததுபோல் விரிந்திருந்தாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.