எந்தப் பட்டனை அழுத்துவது? கேள்வி பதில்

கேள்வி: 'ஆர்டரை ரத்து செய்யவா?' என்று செயலி கேட்டது. கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பட்டன். 'ரத்து' அழுத்தினேன், ஆர்டர் ரத்தாகவே இல்லை. நான் சரியாகப் படிக்கவில்லையா?

பதில்: நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். அங்கே 'ரத்து' என்பது அந்தக் கேள்விப் பெட்டியை மூடுவதற்கு. அது செயலியை எழுதியவருக்கு மட்டுமே தெரியும். எல்லாக் கேள்விக்கும் ஒரே பெட்டியைப் பயன்படுத்துவதால் வரும் வினை இது. 'ஆர்டரை ரத்து செய்', 'ஆர்டர் இருக்கட்டும்' என்று போட்டிருந்தால், மேலே உள்ள கேள்வியைப் படிக்காதவருக்கும் புரிந்திருக்கும். அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பட்டனே சொல்ல வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: நான் டெவலப்பர். பயனர்கள் 'சமர்ப்பி' பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் ஒரே விண்ணப்பம் இரண்டு மூன்றாகப் பதிவாகிறது. 'ஒருமுறை மட்டும் அழுத்தவும்' என்று எழுதியும் கேட்பதில்லை.

பதில்: முதலில் அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். அழுத்தியும் திரையில் எதுவும் அசையவில்லை என்றால் யாராக இருந்தாலும் மறுபடி அழுத்துவார்கள். பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் தொகுத்துச் சொன்ன கால அளவுகள் இன்றும் பொருந்துகின்றன: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை நினைப்பு அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். அதனால் விரல் பட்டதுமே பட்டன் மாறி 'அனுப்புகிறோம்…' என்று காட்டட்டும், அடுத்த அழுத்தலை ஏற்காமல் இருக்கட்டும். வேலை நீளும் என்றால் எவ்வளவு முடிந்தது என்றும் காட்டுங்கள்.

ஆனால் திரையை மட்டும் நம்பக் கூடாது. இணையம் துண்டித்து மீண்டு வரும்போது அதே கோரிக்கை இன்னொரு முறை வரலாம். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுங்கள். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் முன்பு தந்த பதிலையே தரட்டும். அனுப்புவது தோற்றால் பட்டனைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயனர் செத்துப்போன பட்டனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: 'சமர்ப்பி'க்குப் பக்கத்திலேயே 'எல்லாம் அழி' பட்டன் தேவையா?

பதில்: தேவையே இல்லை. நிரப்பியதை மொத்தமாக அழிக்க நினைப்பவர்கள் அபூர்வம்; கை தவறி அழுத்துபவர்கள்தான் அதிகம்.

கேள்வி: எதற்கும் 'உறுதியா?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் பாதுகாப்புதானே, சார்?

பதில்: இல்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கியில் நடந்ததைப் பாருங்கள். ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில், கிட்டத்தட்ட 90 கோடி டாலர் வெளியே போனது. அசல் போகாமல் தடுக்க அந்த மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்றை மட்டுமே நிரப்பினார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகும் பிடிபடவில்லை. எச்சரிக்கைப் பெட்டி வரத்தான் செய்தது: பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரவா என்று. எவ்வளவு பணம் என்று மட்டும் அது சொல்லவில்லை! வட்டி அனுப்ப உட்கார்ந்தவருக்குப் பணம் வெளியே போவதில் என்ன சந்தேகம் வரும்? தவறிப் போன பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கி போட்ட வழக்கு 2022-இல் மேல்முறையீட்டில்தான் வங்கிக்குச் சாதகமானது.

உறுதி கேட்பதென்றால் தொகை, பெறுபவர், எண்ணிக்கை எல்லாம் அந்தப் பெட்டியிலேயே தெரிய வேண்டும். திரும்பப் பெற முடிந்த செயல்களுக்குக் கேள்வியே வேண்டாம். செய்துவிட்டு 'திரும்பப் பெறு' என்று ஒரு வழி கொடுங்கள். ஜிமெயில் அனுப்பிய மடலை 30 நொடி வரை நிறுத்தி வைப்பது இப்படித்தான்.

கேள்வி: பார்வையற்ற என் தம்பி, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துப் படிவம் நிரப்புகிறான். பிழை வந்தால் கட்டம் சிவப்பாகிறதாம். அவனுக்கு ஒன்றுமே கேட்பதில்லை.

பதில்: இது அந்தத் தளத்தின் குறை. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது, பிழையை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்துவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) அணுகல் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. நிலை மாறும் செய்திகள் திரைவாசிப்பானுக்கும் எட்ட வேண்டும் என்ற விதி 2018-இல் வந்த 2.1 பதிப்பில் சேர்ந்தது. புகார் எழுதும்போது அந்த விதியின் எண்ணையும் குறிப்பிடுங்கள்: 4.1.3. எந்தப் பக்கம், எந்தக் கட்டம், எந்தத் திரைவாசிப்பான் என்பதையும் சேர்த்து எழுதினால், திருத்துபவர் அதே பிழையைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்க்க முடியும்.