ஊர் பேர் உள்ள இறைச்சி

அன்புள்ள சேர்,

நான் திருகோணமலை உப்புவெளிப் பிள்ளை. ஒன்பது வருடமாக இங்கிலாந்தில், டெவன் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே சனிக்கிழமைகளில் உழவர் சந்தை நடக்கும். அதில் ஒரு சின்னக் கூடாரம் போட்டு மான் இறைச்சி விற்க யோசிக்கிறேன். கொஞ்சம் பச்சையாக, கொஞ்சம் சமைத்து. மான் ரோல்ஸ், மான் பிரட்டலும் ரொட்டியும். மனைவிக்குச் சம்மதம். அம்மாதான் திருமலையில் இருந்து போனில் அழுகிறார். "கோணேசர் கோயில் வாசல்ல நிக்கிற சீவனை வித்தோ நீ பிழைக்கப் போறாய்?" என்று கேட்கிறார். இது பாவமா? கடைக்கு 'இராவணன் வேட்டை' என்று பெயர் வைக்கலாமா? எவ்வளவு முதல் தேவைப்படும்? நம் ஆட்கள் அந்தக் காலத்தில் மான் இறைச்சியை எப்படிச் சமைத்தார்கள்? சரிவந்தால் நிலாவெளியில் வெள்ளைக்காரரை நம்பி ஒரு கிளையும் போட ஆசை.

அன்புடன்,
த., டெவன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புள்ளிமான், பெட்டை. யாரோ தின்றுவிட்டு எறிந்த சோற்றுப் பார்சலை மூக்கால் உருட்டிப் பிரித்து, சோற்றை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டிருந்தது. கீழுதட்டில் பருப்பின் மஞ்சள். ஷீட்டில் பாதி உள்ளே போய்விட்டது. ஓட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். குழந்தை விழுங்கப்போன காசை எடுப்பதுபோல ஒரு கையால் தாடையைப் பிடித்து, மறு கையால் மெல்ல மெல்ல இழுத்து எடுத்தார். அது அவரை ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த பார்சலுக்கு நடந்தது. வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம். அதனால்தான் பதில். மற்றப்படி கடை போடப் போகிறவர்களுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் ஒரு தேநீர்க் கடைகூட நடத்தியதில்லை.

முதலில் அம்மா. அவர் அழுவதில் பிழையில்லை. வாழ்நாள் முழுக்க அவர் கண்ட மான், கோணேசர் கோயில் இருக்கிற கோட்டைக்குள் அர்ச்சனைத் தட்டின் வாழைப்பழத்துக்குக் கழுத்தை நீட்டுகிற மான். நீங்கள் வெட்டப் போவது அதைத்தான் என்று அவர் நினைக்கிறார். உங்கள் ஊர் மானின் கதை வேறு என்று யாராவது அவருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அங்கே ஓநாய் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. மானை அடித்துத் தின்ன மிருகம் இல்லை. பிரித்தானியாவில் இப்போது ஏறத்தாழ 20 இலட்சம் மான்கள் இருக்கலாம் என்கிறார்கள். நட்ட கன்றையும் தானாக முளைத்ததையும் மேய்ந்து தீர்க்கின்றன. நீங்கள் கடை போட்டாலும் போடாவிட்டாலும் அவற்றைச் சுடத்தான் போகிறார்கள். பாவ புண்ணியத்தில் இதற்கு மேல் என்னிடம் சரக்கில்லை. வள்ளி மான் வயிற்றில் பிறந்து வேடர் குடிலில் வளர்ந்தவள். நம் முருகனே இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்தவன். அம்மாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

பெயர்? 'இராவணன் வேட்டை' வேண்டாம். கோணேசர் மலைப் பாறையில் அவன் வெட்டிய வெட்டே போதும், இனி இறைச்சி வெட்டவும் அவனைக் கூப்பிடாதீர்கள். முதல் எவ்வளவு என்று ஓய்வூதியக்காரனிடம் கேட்காதீர்கள். உங்கள் உள்ளூராட்சி மன்றத்தில் கடை தொடங்க 28 நாளைக்கு முன்பாவது பதிவு செய்ய வேண்டும், அதற்குக் காசில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குக் கோபத்தைத் தந்தது. கடிதத்தில் நாலு இடத்தில் மான், மான் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மான்?

அந்த நாட்டுக் காடுகளில் ஆறு வகை மான் திரிகிறது. செம்மானும் ரோவும் அந்த மண்ணுக்குச் சொந்தம். ஃபேலோ, சிக்கா, மன்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய நாலும் மனிதர் கொண்டுபோய் விட்டவை. செம்மான் நம் மரையைப்போல, அதுதான் கடமானைப்போல, ஆள் உயர மிருகம். மன்ட்ஜாக் ஒரு நாய் உயரம்தான், நம் காட்டில் குரைக்கிற மானுக்குச் சீனத்து உறவு. மரையையும் சருகுமானையும் ஒரே சட்டியில் போட்டு 'மான் கறி' என்று இறக்கினால் உங்கள் ஆச்சி அகப்பையால் அடித்திருப்பார். ஒன்பது வருடம் அங்கே இருக்கிறீர்கள். விற்கப்போகிற மிருகத்தின் பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லையா?

இந்தப் 'பெயர் கேளாத' பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் இருந்துதான்.

எழுபதுகளில் எங்கள் வீட்டுக்குக் கந்தளாய் ரோட்டுப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். விளக்கு வைத்த பிறகுதான் வருவார். கரியரில் ஒரு சாக்கு, அதன்மேல் கண்துடைப்புக்குக் கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கு. மான் என்றோ மரை என்றோ அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. "சாமான் இருக்கு" என்பார். அப்பா "நல்ல சாமானோ?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நெருப்பில் வாட்டிக் காயவைத்த வத்தல், கறுப்பாக, விரல் நீளத்துக்கு. அப்பா கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கிளாக்கர். கொழும்பில் இருந்து பெரியவர் யாரும் வந்தால் வீட்டுக்கு அழைத்து அந்த வத்தலைப் பிரட்டிப் போடுவார். வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மென்று "காட்டு வாசம் அப்படியே இருக்கு" என்பார்கள். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒரு மார்கழியில் ஆச்சி வத்தலைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டார். ஊறி உப்பிய துண்டுகளில் ஒன்றில் தோல் ஒட்டியிருந்தது. அதை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். மயிர் பொசுங்கிய வழுவழுப்பில் ஒரு வளைவு, அதற்குக் கீழே ஒரு கோடு. எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு உரிமையாளரின் எழுத்தைக் காய்ச்சிய இரும்பால் குறி சுடுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதி எழுத்து அந்தத் துண்டில் இருந்தது. ஆச்சி அதை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மரைக்கு ஆரடா குறி சுட்டது?"

நாங்கள் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிற வீடு. மறுநாள் விடிய முன்னமே ஆச்சி கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி அள்ளித் தலைமுழுகினார். அம்மா சட்டியைக் கிணற்றடியில் போட்டு உடைத்தார். அப்பா மட்டும் நாலைந்து நாள் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டு திரிந்தார். எத்தனை வருடம், எத்தனை விருந்தாளி என்றுதான் இருக்க வேண்டும். சைக்கிள்காரர் பிறகு வரவில்லை. வந்திருந்தாலும் என்னவென்று கேட்பது? அவர் மரை என்று எப்போது சொன்னார்?

தம்பி, இதைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டப்படி நம் நாட்டில் மானையும் மரையையும் கொல்வது குற்றம், இறைச்சியை விற்பதும் குற்றம். அந்தச் சட்டம் வேண்டும், அதைப்பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் திருட்டு வியாபாரத்தில் சரக்கின் பெயரை வாயால் சொல்ல முடியாது. சொல்ல முடியாவிட்டால் எருமையும் சாமான்தான், நாம்பன் மாடும் சாமான்தான், செத்துக்கிடந்து எடுத்ததும் சாமான்தான். வாங்குகிறவனும் கேட்கப் பயப்படுகிறான், ஏனென்றால் கேட்டால் அவனும் கூட்டாளி. அந்த வியாபாரத்தில் உண்மை பேசியது அந்தத் தோல் துண்டு ஒன்றுதான். அதில் மட்டும்தான் ஓர் ஆளின் எழுத்து இருந்தது.

முன்பு இப்படி இல்லை. 1660இல் நம் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு இருபது வருடத்துக்கு அருகில் கண்டி இராச்சியத்தில் கிடந்த ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸ், வேடர்கள் மான் இறைச்சியை நெருப்பில் வாட்டிக் காயவைப்பதையும் நாட்டவர் போய் அதை வாங்குவதையும் எழுதிவைத்திருக்கிறார். மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியைத் திணித்து, களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வார்களாம். வாங்கப் போனவனுக்கு விற்றவனின் முகமும் தெரியும், அது எந்தக் காட்டு மிருகம் என்பதும் தெரியும். கண்ணப்பரை நினைத்துப் பாருங்கள். தானே அடித்த பன்றி, தானே சுட்டது, தன் பல்லால் பதம் பார்த்தது. அதைத்தான் சாமிக்கு வைத்தார். கோயில் பூசகர் சிவகோசரியார் முகம் சுளித்தது வேறு விஷயம்.

அங்கே உங்களுக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சி பெற்ற வேட்டைக்காரர் சுட்ட மானின் உடலோடு ஒரு சீட்டு வரும். சுட்ட நாள், நேரம், இடம், சுடுமுன் மிருகத்தின் நடத்தையில் கோளாறு ஏதும் காணவில்லை என்ற வாக்குமூலம். கந்தளாய் ரோட்டுச் சைக்கிள்காரர் கனவிலும் காணாத சீட்டு அது. இறைச்சியை எந்த உரிமம் பெற்ற இடத்தில் வாங்கினாலும் அந்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். கூடாரத்தின் முன்னால் ஒரு கரும்பலகை வையுங்கள். அதில் 'மான்' என்று எழுதாதீர்கள். ரோ, கிடாய், இன்ன பண்ணைக் காடு, இன்ன திகதி, சுட்டவர் இன்னார் என்று எழுதுங்கள். ரோவில் கிடாய்க்குப் பருவம் ஏப்ரல் 1 முதல் ஒக்டோபர் 31 வரை, பெட்டைக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. மன்ட்ஜாக்குக்குத் தடைப் பருவமே இல்லை. ஆகவே பலகை அடிக்கடி மாறும். மாறட்டும். "போன வாரம் சாப்பிட்டது ஏன் இன்று இல்லை?" என்று கேட்கிறவரிடம்தான் நீங்கள் கதை தொடங்க முடியும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் உழவர் சந்தை என்ற ஏற்பாடு 1997இல் பாத் நகரில் தொடங்கியது. அநேகமான சந்தைகளில் 30 மைல் சுற்றுக்குள் விளைந்ததைத்தான் விற்கலாம், விளைவித்தவரோ அந்த வேலையில் கைவைத்தவரோ கடையில் நிற்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் துவக்குப் பிடித்தவரில்லை. பச்சை இறைச்சி விற்க விடுவார்களா, சமைத்ததை மட்டும்தானா என்று சந்தை நடத்துகிறவரிடம் முதலில் கதையுங்கள். கூடாரம் வாங்குவது பிறகு.

சமையலைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். மானில் கொழுப்பு இல்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டைச் சமைக்கிற கணக்கில் இறக்கினால் செருப்பு. கழுத்தும் முன்சப்பையும் மலிவு, பிரட்டலுக்கு அவைதான் வேண்டும். மிளகும் தேசிக்காயும் போட்டு இரவு ஊறவிட்டு, வறுத்த கறித்தூளில், சிறு நெருப்பில் இரண்டரை மூன்று மணி நேரம். தேங்காய்ப்பால் கடைசியில், கொஞ்சம். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயம் சதைக்குள் தூரம் போயிருக்கும். ரோல்ஸ் உள்ளீடு வறளாமல் இருக்கப் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களாம். சேர்த்தால் அதையும் பலகையில் எழுதுங்கள். முஸ்லிம் சகோதரர் வந்து கேட்டால் இது சுட்ட மிருகம், ஹலால் இல்லை என்று அவர் காசை எடுக்குமுன்பே சொல்லுங்கள். திருமலையில் பிறந்தவனுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிலாவெளிக் கிளை என்று எழுதினீர்களே, அந்த வரியை வாசித்தபோது கடிதத்தைக் கசக்கத்தான் நினைத்தேன். அதற்கு இறைச்சி எங்கிருந்து வரும்? சீட்டோடு வராது. கம்பிக் கண்ணியில் இருந்தும் கட்டுத்துவக்கில் இருந்தும் வரும். தீனிக்குள் ஒளித்த வெடியில் இருந்து வரும். அந்த வெடியைப் பன்றிக்கென்று வைக்கிறார்கள், யானைக்குட்டி கடித்து, வாய் சிதறி, தின்ன முடியாமல் கிடந்து சாகிறது. வெள்ளைக்காரர் நிலாவெளிக்கு வருவது கடலுக்கு. அவர்களுக்குப் பாரை மீன் பொரித்துக் கொடுங்கள்.

அம்மாவின் நம்பரை அனுப்புங்கள், நானே ஒருமுறை கதைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவார் என்றால் கோட்டை வாசலிலேயே சந்திக்கலாம். முதல் சனிக்கிழமை முடிந்ததும் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ரோல்ஸ் படம் வேண்டாம், பலகையின் படம். எழுத்து வாசிக்கிற மாதிரி கிட்ட நின்று எடுங்கள், எனக்கு இப்போது கண் அவ்வளவு தெரிவதில்லை.

அன்புடன்,
திருகோணமலையில் இருந்து