பேச்சைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: உளச்சிகிச்சை அறிவியலா, ஆறுதல் பேச்சா? மருந்துகளைப் போல அதையும் சோதித்துப் பார்க்க முடியாதா?

பதில்: சோதித்திருக்கிறார்கள். நியூரோசிஸ் எனப்பட்ட மனத்தொல்லைகள் உடையவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை பெறாமலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்று உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் 1952-இல் எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1977-இல் ஆய்வாளர்கள் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருப்பது தெரிந்தது. ஆகவே, அது வெறும் ஆறுதல் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால், மருந்துச் சோதனையின் முறையை அப்படியே இங்கே பொருத்துவதை நான் ஏற்கவில்லை. உண்மை மாத்திரை எது, போலி மாத்திரை எது என்பதைக் கொடுப்பவரிடமிருந்தும் வாங்குபவரிடமிருந்தும் மறைத்துவிடலாம். தான் என்ன சிகிச்சை அளிக்கிறோம் என்பதைச் சிகிச்சையாளரிடமிருந்தே மறைப்பது எப்படி? ஒப்பீட்டுக்காகச் சிலரைக் காத்திருக்கச் சொல்வதும் சிக்கலானது. தமக்கு மட்டும் உதவி தள்ளிப்போகிறது என்ற ஏமாற்றமே அவர்களுடைய மனநிலையைப் பாதிக்கக்கூடும்.

ஒரு கணத்தை எண்ணிப் பாருங்கள். “அப்பா இறந்தபோது எனக்கு அழுகையே வரவில்லை” என்கிறார் ஒருவர். சிகிச்சையாளர் உடனே எதுவும் சொல்லாமல், பார்வையையும் விலக்காமல் காத்திருக்கிறார். சற்றுப் பொறுத்து, “பயமாக இருந்தது” என்று சிகிச்சைக்கு வந்தவரே தொடர்கிறார். அந்த மௌனம் சிகிச்சையின் பகுதி. பலனை எண்களால் அளக்கும் மதிப்பெண் படிவத்தில் அதற்கு இடமில்லை. இதனால்தான், அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, 1942-இல் ஒரு சிகிச்சையின் உரையாடலை முழுமையாக அச்சில் வெளியிட்ட உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். மூடிய அறைக்குள் நடந்ததைப் பிறரும் வரிவரியாக ஆராய அது வழிசெய்தது.

எண்ணிக்கை ஆய்வு சிகிச்சை பலன் தருகிறதா என்பதைச் சொல்லும். பதிவுகளை நுணுகிப் படித்தால்தான் எந்த இடத்தில், எதனால் என்பது பிடிபடும். இரண்டையும் ஒரே ஆய்வில் இணைக்க வேண்டும். பாதியில் நின்றுவிட்டவர்களையும், சிகிச்சைக்குப் பின் நிலை மோசமானவர்களையும் தேடிச்சென்று கேட்க வேண்டும். நான்காவது வாரத்தோடு வராமல் போனவர் ஏன் வரவில்லை என்பது, பெரும்பாலும் அவருக்கு மட்டுமே தெரியும்.