10ஜி சுவிட்ச் வாங்கும்போது விலை, நீடித்த உழைப்பு, பாதுகாப்பு மூன்றில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

நாற்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகம், இரண்டு சர்வர், ஒரு ஸ்டோரேஜ் என்று எழுதியிருக்கிறீர்கள். கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் 10ஜி (விநாடிக்கு 10 கிகாபிட் வேக) சுவிட்ச் வாங்க உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பெரிய பிராண்டின் பழைய 24 போர்ட் சுவிட்ச் செகண்ட் ஹேண்டில். ஏறக்குறைய அதே விலைக்கு அதிகம் கேள்விப்படாத பெயரில் ஒரு புது சுவிட்ச். இவற்றைப் போல மூன்று மடங்கு விலையில் பெரிய பிராண்டின் புது சுவிட்ச்.

பதினைந்து வருடமாக நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த சுவிட்சைப் பார்த்தாலும் முதலில் ஒரு தேதியைத்தான் தேடுவேன். அந்த மாடலுக்கு செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) எந்த நாள் வரை வரும் என்று தயாரிப்பாளர் அறிவித்திருக்கும் தேதி. நீங்கள் கேட்ட மூன்றும் அந்தத் தேதியில்தான் வந்து முட்டுகின்றன. பட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு 10ஜி சுவிட்சை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். புதிதின் விலையில் கால் பங்குகூட இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் குறை சொல்ல முடியாமல் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை ராக் (சுவிட்ச், சர்வர் அடுக்கும் அலமாரி) கதவைத் திறந்ததும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. எப்போதும் கேட்கும் இரைச்சலுக்கு நடுவே கீச்சென்று ஓர் இழுவை. முன்பக்கம் ஃபேன் விளக்கு ஆரஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் டிரேயை உருவிப் பார்த்தால், ஒரு ஃபேனின் பேரிங் தேய்ந்து இறக்கை உறையில் உரசிக்கொண்டிருக்கிறது. சின்னப் பழுது, டிரேயை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அந்த மாடலுக்கு உதிரி பாகம் விற்பதைத் தயாரிப்பாளர் முந்தைய வருடமே நிறுத்தியிருந்தார். பேட்ச் நின்றதும் அதே வருடம்தான். இன்னொரு பழைய சுவிட்சை வாங்கி அதிலிருந்து ஃபேனைக் கழற்றிப் போட்டோம். ஆறு மாதத்தில் பவர் சப்ளை போனது. கடைசியில் புதிதே வாங்க வேண்டியதாயிற்று. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்த அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். விலையை, பேட்ச் வரப்போகும் மீதி வருடங்களால் வகுத்துவிடுவேன். ஏழு வருடம் ஆதரவு உள்ள விலை உயர்ந்த பெட்டி, ஒன்றரை வருடமே பாக்கி உள்ள மலிவான பெட்டியை இந்தக் கணக்கில் பல தடவை முந்தியிருக்கிறது. தேதி ஏற்கெனவே கடந்துவிட்டதா? அந்தப் பெட்டியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும். பழைய சுவிட்ச் 100 வாட் கூடுதலாக இழுத்தால் வருடத்துக்கு 876 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. இழுப்பது தனி. சில பிராண்டுகளில் குறிப்பிட்ட வசதிகளுக்கு வருடாந்திர லைசென்ஸ் உண்டு. சிலவற்றில் அவர்களுடைய மாட்யூலை (போர்ட்டில் செருகும் இணைப்புத் துண்டு) தவிர வேறெதையும் போர்ட் ஏற்காது. இரண்டையும் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பெக் தாளில் எம்.டி.பி.எஃப். (இரண்டு பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 5,00,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். வகுத்தால் 57 வருடம் வரும். அந்தப் பெட்டி 57 வருடம் உழைக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது. அப்படிப்பட்ட நூறு பெட்டிகளை ஓட்டினால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பழுதாகலாம் என்பதுதான் அந்த எண் சொல்வது. அதுவும் அவர்கள் கணக்குப் போட்ட வெப்பநிலையில். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும். அதனால் அந்த எண்ணைவிட, பவர் சப்ளை இரண்டு உண்டா, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்ட முடியுமா, ஃபேன் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். ஒரே ராக்குக்குள் சர்வரை இணைக்க எஸ்.எஃப்.பி. பிளஸ் போர்ட்டில் (மாட்யூல் செருகும் 10ஜி போர்ட்) டி.ஏ.சி. கேபிள் (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் குட்டைச் செம்புக் கேபிள்) போதும், சூடு மிகக் குறைவு. ஆர்.ஜே.45 (சாதாரண நெட்வொர்க் கேபிள் செருகும் போர்ட்) வழியாக 10ஜி போனால் போர்ட்டுக்குச் சில வாட் செலவாகும். கேட் 6 கேபிளில் 55 மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது. 100 மீட்டர் வேண்டுமென்றால் கேட் 6ஏ.

பாதுகாப்பில் பேட்ச் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். சிஸ்கோ சுவிட்சுகளில், புது சுவிட்சைத் தொலைவிலிருந்தே தானாக அமைக்க ஸ்மார்ட் இன்ஸ்டால் என்றொரு வசதி. அதில் இருந்த ஓட்டைக்கு 2018 மார்ச்சில் பேட்ச் வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., அதே ஓட்டை வழியாக இன்னும் ஊடுருவல் நடக்கிறது என்று எச்சரித்தது. ஆதரவு முடிந்த, பேட்ச் போடாத பெட்டிகளே இலக்கு. ஏழு வருடம்! சுவிட்ச் ஒரு மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அலுவலகத்தின் மொத்தப் போக்குவரத்தும் அதன் வழியாகத்தான் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதற்றமாக இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் இன்னொரு கவலை போலி. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் சுவிட்சின் போலிகளைப் பிரித்துப் பார்த்து எஃப்-செக்யூர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2020-ல் அறிக்கை வெளியிட்டது. சாஃப்ட்வேர் அப்டேட் செய்தபோது அவை நின்றுபோனதால்தான் விஷயமே தெரிய வந்தது. அசல் பெட்டியென்றாலும் பழையதை அப்படியே ராக்கில் ஏற்றாதீர்கள். ஒருமுறை கன்சோல் கேபிளை (சுவிட்சின் அமைப்புகளுக்குள் நேரடியாக நுழைய உதவும் கேபிள்) செருகித் திறந்தால், முந்தைய உரிமையாளரின் வி.லேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) பெயர்கள், ஐ.பி. முகவரிகள், அட்மின் கணக்கு எல்லாம் அப்படியே இருந்தன. முழுதாக அழித்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) இறக்கி, ஹேஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) சரிபார்த்து ஏற்றினோம்.

அதிகம் கேள்விப்படாத புது பிராண்டை உடனே ஒதுக்கிவிட மாட்டேன். அவர்கள் தளத்தில் ஃபர்ம்வேர் ரிலீஸ் நோட்ஸை எடுத்துப் படியுங்கள். இரண்டு வருடத்தில் எத்தனை வந்திருக்கிறது, எந்த ஓட்டையை அடைத்தோம் என்று சி.வி.இ. எண்ணோடு (ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் பொது அடையாள எண்) எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியான நாளிலிருந்து ஒரே ஒரு ஃபர்ம்வேர்தான் இருக்கிறதென்றால் நான் வாங்க மாட்டேன்.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் மேனேஜ்மென்டுக்கு (சுவிட்சை நிர்வகிக்க) தனி வி.லேன் வேண்டும். மறையாக்கம் இல்லாத டெல்நெட்டையும் எச்.டி.டி.பி.யையும் அணைத்து, மறையாக்கம் உள்ள எஸ்.எஸ்.எச். மட்டும் விடுங்கள். எஸ்.என்.எம்.பி.யில் (சுவிட்சைக் கண்காணிக்கும் முறை) 'பப்ளிக்' என்ற பொதுக் கடவுச்சொல் இருந்தால் நீக்கி வெர்ஷன் 3-க்கு மாறுங்கள். முதல் நாளே செய்தால் அரை மணி நேர வேலை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 24 போர்ட்டும் 10ஜி எதற்கு? சர்வர் ஒன்றுக்கு இரண்டாக நான்கு, ஸ்டோரேஜுக்கு இரண்டு, இப்போதுள்ள 1ஜி சுவிட்சிலிருந்து ஏறும் அப்லிங்க் (சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் போர்ட்) இரண்டு. எட்டு போர்ட்தான் வருகிறது. மேஜைகளுக்கு 1ஜி போதும். வீடியோ எடிட்டிங் போலக் கனமான வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் 2.5ஜி கொடுக்கலாம், பழைய கேட் 5இ கேபிளிலேயே அது ஓடும். ஆக 12 போர்ட் 10ஜி போதுமானது. மூன்றாவது வழியையே 24-க்குப் பதில் 12 போர்ட்டில் விலை கேட்டுப் பாருங்கள், இரட்டை பவர் சப்ளையோடு. இப்போதுள்ள சுவிட்சில் 10ஜி அப்லிங்க் போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு 1ஜி போர்ட்டைச் சேர்த்துக் கட்டும் முறையை எழுதுகிறேன்.