புத்தக அலமாரி: முதலில் அகலம், அப்புறம் மரம்

வணக்கம்.

என் வீட்டில் புத்தகங்கள் தரையிலும் கட்டிலுக்கு அடியிலும் அட்டைப்பெட்டிகளிலும் கிடக்கின்றன. கடையில் வாங்கிய அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் தட்டுகள் நடுவில் தொங்கிவிட்டன, லேசாகத் தொட்டாலே பக்கவாட்டில் ஆடுகிறது. அதனால் இந்த முறை நானே ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. மரவேலை எதுவும் தெரியாது, சுவரில் துளையிட்டுப் படம் மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். 7 அடி உயரம், 4 அடி அகலம், ஆறு தட்டு என்று படம் வரைந்து வைத்திருக்கிறேன். எந்த மரம் வாங்கினால் வளையாது? ஆணி போதுமா, ஸ்க்ரூ வேண்டுமா? என்னைப் போன்றவருக்கு இது கைகூடுமா?

எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாகக் கைகூடும். கதவு, இழுப்பறை, வளைவு எதுவும் இல்லாத சாமான் இது. நேராக வெட்டிய பலகைகள் செங்கோணத்தில் சேர்ந்தால் போதும். முதன்முறையாக மரத்தில் கைவைப்பவருக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. ஆனால் பலகை வாங்கும் முன் உங்கள் படத்தில் ஒன்றைத் திருத்த வேண்டும். நீங்கள் மரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், எனக்கோ அந்த 4 அடி அகலம்தான் கவலையாக இருக்கிறது.

புத்தகங்களை நெருக்கி அடுக்கினால் ஒரு மீட்டருக்குச் சுமார் 30 கிலோ வரும். அகராதிகள், வழவழப்புத் தாளில் அச்சிட்ட படப் புத்தகங்கள் என்றால் இன்னும் கூடும். ஆக, உங்கள் 4 அடித் தட்டு ஒவ்வொன்றும் 35 முதல் 45 கிலோவைச் சுமக்க வேண்டும். நாற்காலியில் உட்காருபவர் எழுந்து போய்விடுவார், புத்தகங்கள் இரவும் பகலும் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஓயாத சுமையின் கீழ் மரம் மெல்ல மெல்ல இணங்கிப் போகும். முதல் வாரத்தில் தெரியும் தொய்வு, சில வருடங்களில் ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். உங்கள் பழைய அலமாரிக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

தொய்வுக்கு ஒரு கணக்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சீராகப் பரவிய சுமையில், தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்காகும். கனம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டில் ஒன்றாகும். 18 மி.மீ. கனமும் 28 செ.மீ. ஆழமும் உள்ள ப்ளைவுட் தட்டில் புத்தகங்கள் நிரம்பினால், 4 அடி நீளத்துக்கு நடுவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கும், அதுவும் ஆரம்பத்திலேயே. அதே பலகை 57 செ.மீ. நீளத்தில் இருந்தால் இறங்குவது அரை மில்லிமீட்டர். ஓர் அடிக்குச் சுமார் முக்கால் மில்லிமீட்டர் தொய்ந்தாலே கண் கண்டுபிடித்துவிடும் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதில்லை. விலையுயர்ந்த மரம் தேடுவதைவிட நீளத்தைக் குறைப்பது பல மடங்கு பலன் தரும்.

அதனால் என் யோசனை: 4 அடியில் ஒன்று வேண்டாம், 2 அடியில் இரண்டு செய்யுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உள்ளிருந்து ஸ்க்ரூ போட்டு இணைத்துவிட்டால் நீங்கள் வரைந்த அதே அளவு வந்துவிடும். நடுவில் தடுப்பு வைத்து ஒரே அலமாரியாகவும் செய்யலாம்தான். ஆனால் 7 அடிக்கு 4 அடிப் பெட்டியை ஒருவராகத் தூக்கி நிறுத்தவோ, வாசல் வழியாகத் திருப்பவோ முடியாது. இரண்டாகச் செய்வதில் இன்னொரு லாபம், முதலாவதில் கை பழகிவிடும்.

மரத்துக்கு வருவோம். 18 மி.மீ. ப்ளைவுட் வாங்குங்கள். முழு மரப்பலகை அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அகலவாட்டில் விரிந்து சுருங்கும், சில சமயம் முறுக்கிக்கொள்ளும். அதை இழைத்துத் தட்டையாக்குவதே தனி வித்தை. ப்ளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. மரத்தூளையும் துகளையும் அழுத்திச் செய்த பலகை வேண்டவே வேண்டாம். அது சீக்கிரம் தொய்யும், ஸ்க்ரூவை இறுகப் பிடிக்காது, தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

ப்ளைவுட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்தோலின் ரேகை தட்டின் நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அதே பலகை இன்னும் அதிகமாக வளையும். 8க்கு 4 அடிப் பலகையில் ரேகை வழக்கமாக 8 அடி வாட்டில் இருக்கும், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாட்டிலேயே 28 செ.மீ. அகலத்தில் நான்கு பட்டைகள் வெட்டச் சொல்லுங்கள். இரண்டு பட்டைகள் 7 அடிப் பக்கப்பலகைகள் ஆகிவிடும். மற்ற இரண்டிலிருந்து 57 செ.மீ. தட்டுகள் எட்டு கிடைக்கும். ஆறு தட்டுக்கும் மேல்மூடிக்கும் ஏழு போக ஒன்று மிச்சம். அதாவது ஓர் அலமாரிக்கு ஒரு பலகை. விற்குமிடத்தில் வெட்டும் இயந்திரம் இருந்தால் கட்டாயம் அங்கேயே வெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு வெட்டும் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கும் என்பதைக் கணக்கில் சேருங்கள். தட்டுகள் எல்லாவற்றையும் இயந்திரத்தின் அளவை மாற்றாமல் ஒரே மூச்சில் வெட்டச் சொல்லுங்கள். 57 என்பது 56.8 ஆனால் ஒன்றும் ஆகாது, ஏழும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் பெட்டி கோணிக்கொள்ளும்.

ஆணியா ஸ்க்ரூவா என்ற கேள்விக்கு: ஸ்க்ரூ, கூடவே பசை. ஆனால் புத்தகத்தின் எடையை ஸ்க்ரூவின் தலையில் கட்டாதீர்கள். பக்கப்பலகை வழியாகத் தட்டின் ஓரத்தில் இறங்கும் ஸ்க்ரூ, ப்ளைவுட்டின் அடுக்குகளுக்கு இடையே போகிறது. அங்கே பிடிப்பு சுமார்தான். எனவே ஒவ்வொரு தட்டின் இரு முனைகளுக்கும் அடியில் ஒரு தாங்குகட்டை வையுங்கள். பட்டைகள் போக மிஞ்சும் நீளத்துண்டை 3 செ.மீ. அகலத்தில் கிழித்தால் இதற்குப் போதும். கட்டையைப் பக்கப்பலகையின் உள்புறம் பசை தடவி, 30 மி.மீ. ஸ்க்ரூவால் இறுக்குங்கள். இரண்டு பலகையும் சேர்ந்து 36 மி.மீ. என்பதால் முனை வெளியே எட்டிப்பார்க்காது. தட்டு அந்தக் கட்டையின் மேல் உட்காரும். அப்புறம் வெளியிலிருந்து 50 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு மூன்று போட்டால் நகராது. ஸ்க்ரூவைவிட மெல்லிய பிட்டால் முதலில் துளையிடாமல் எதையும் முறுக்காதீர்கள், ஓரம் பிளந்துவிடும்.

தட்டுகளுக்கு இடையே உள்ள உயரத்தை நாடாவால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். வேண்டிய உயரத்துக்கு ஒரு துண்டுப் பலகையை வெட்டி, அதையே அளவுகோலாக நிறுத்தி இரு பக்கமும் கட்டைகளைப் பொருத்துங்கள். இடமும் வலமும் தானாக ஒத்துப்போகும். அடித்தட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி வையுங்கள், துடைக்க வசதி. பெரிய புத்தகங்களுக்குக் கீழே 36 செ.மீ. இடைவெளி, மேலே போகப்போக 28 வரை குறைக்கலாம்.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கடை அலமாரி ஏன் ஆடுகிறது? தீப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு வெளிக்கூட்டை விரலால் தள்ளிப் பாருங்கள், சாய்ந்து படுத்துவிடும். பின்னால் பலகை இல்லாத அலமாரியும் அப்படித்தான். மூலையில் எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் நாளடைவில் அவை கீல் மாதிரி அசைய ஆரம்பிக்கும். நிறைய அலமாரிகளில் பின்னால் மெல்லிய அட்டைப்பலகையைச் சின்ன ஆணிகளால் ஒட்டவைத்திருப்பார்கள், அது தூசியை மட்டும்தான் மறைக்கும். நீங்கள் 6 மி.மீ. ப்ளைவுட்டை முழு அளவில் வெட்டி, சுற்றிலும் எல்லாத் தட்டுகளின் பின்விளிம்பிலும் பசை தடவி, 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ போடுங்கள். ஒரு 8க்கு 4 பலகையைப் பாதியாகக் கிழித்தால் இரண்டு அலமாரிக்கும் முதுகு கிடைத்துவிடும். இந்தப் பலகை ஒட்டி முடிந்ததும் பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இந்த வேலையிலேயே மனசுக்கு அதிக நிறைவு தரும் கட்டம் எனக்கு அதுதான்.

முதுகைப் பொருத்துவதற்கு முன், பெட்டியைக் குப்புறக் கிடத்தி மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் செங்கோணம் சரி. வேறுபட்டால், நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் சரியாகும். பசை காயும் முன் இதைச் செய்ய வேண்டும், அப்புறம் முடியாது. மரவேலைக்கான சாதாரண வெள்ளைப் பசை போதும். பிதுங்கி வருவதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வார்னிஷ் பிடிக்காது. ஒரு முழு நாள் அசைக்காமல் விடுங்கள்.

வெட்டிய விளிம்பு கண்ணுக்கு உறுத்தினால், முன்புறம் 4 செ.மீ. உயர மரச்சட்டத்தைக் கீழ்நோக்கித் தொங்கும்படி ஒட்டலாம். 57 செ.மீ. தட்டுக்கு அது கட்டாயமில்லை, ஆனால் தட்டின் விறைப்பு கூடும், தாங்குகட்டைகளும் பெரும்பகுதி மறையும். மெருகுக்கு 120 எண் உப்புத்தாள், பிறகு 220, ரேகையின் போக்கிலேயே. வார்னிஷை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். வாசனை முழுவதும் போகும்வரை புத்தகங்களை வைக்க வேண்டாம், அட்டைகள் ஒட்டிக்கொள்ளும். வார்னிஷுக்குப் பதில் ஆளி விதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். அவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியவை. வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

கடைசியாக, இதில் மட்டும் சமரசம் வேண்டாம். 7 அடி உயரத்தில் 28 செ.மீ. ஆழமே உள்ள பெட்டி முன்பக்கம் கவிழக் கூடியது, குழந்தை தட்டில் கால்வைத்து ஏறினாலே போதும். மேல்தட்டுக்கு அருகில் இரண்டு எல் வடிவ இரும்புப் பட்டைகளால் அதைச் சுவரோடு பிணையுங்கள். கனமான புத்தகங்களைக் கீழ்த்தட்டுகளில் அடுக்குங்கள். சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா, உள்ளே வெற்றிடம் உள்ள பலகைச் சுவரா என்பதைப் பொறுத்து, ஸ்க்ரூவுக்காகத் துளையில் செருகும் பிளக் மாறும். உங்கள் சுவர் எது என்று எழுதுங்கள். 2 அடி அளவில் புதிதாக வரையும் படத்தையும் அனுப்புங்கள், பலகையை வெட்டக் கொடுக்கும் முன் ஒரு முறை பார்த்துச் சொல்கிறேன்.