கோழிக்கூட்டுக்குள் மலைப்பாம்பு: அது வந்த வழியைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் சிலேத்தார் ஹில்ஸ் பகுதியில் தரைவீடு. பின்பக்கம் ஆறு கோழிகள் வளர்க்கிறோம். போன வாரம் காலையில் கூட்டைத் திறக்கப் போனால், உள்ளே இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மலைப்பாம்பு வயிறு புடைத்துச் சுருண்டு கிடந்தது. ஒரு கோழியைக் காணோம். ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதே பாம்பு திரும்பி வருமா? கூட்டைச் சுற்றிப் பூண்டும் பாச்சை உருண்டையும் போடச் சொல்கிறார் என் மாமியார். போடலாமா? - ஒரு வாசகி

பதில்: தீனி போட்டு வளர்த்த கோழி இப்படிப் போவது மனதைப் பிசையும். மற்ற ஐந்தும் தப்பியது ஆறுதல். அவற்றைக் காப்பாற்றும் வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

பாம்பு கூட்டுக்குள்ளேயே கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பசியோடு வரும்போது அதன் உடம்பு மெலிந்திருக்கும். ஏதோ ஒரு சந்தில் நுழைந்துவிட்டது. கோழியை விழுங்கியதும் நடுவயிறு தடித்துவிட, அதே சந்து வழியாக வெளியே போக முடியவில்லை. கோழிக்கூட்டில் மலைப்பாம்பு சிக்குவது பெரும்பாலும் இப்படித்தான். அப்படியென்றால் வெறும் வயிற்றோடு வரும் பாம்பு நுழையும் அளவுக்கு, கோழி விழுங்கிய பாம்பு நுழைய முடியாத அளவுக்கு, உங்கள் கூட்டில் எங்கோ ஒரு சந்து இருக்கிறது. இன்றைக்கே அதைத் தேடுங்கள்.

பகலில் தேடினால் கண்ணில் படாது. இருட்டியபின் கோழிகளைக் காற்றோட்டமான ஒரு கூடையில் மூடி வீட்டுக்குள் வைத்துவிட்டு, கூட்டின் நடுவில் நல்ல வெளிச்சமான டார்ச் விளக்கை வைத்துக் கதவைச் சாத்துங்கள். பிறகு வெளியிலிருந்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். குனிந்து அடிப்பக்கம் பாருங்கள், ஸ்டூல் போட்டுக் கூரை ஓரமும் பாருங்கள். வலை வழியாக வரும் வெளிச்சம் சீராகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். எங்கே கோடாகவோ பிறையாகவோ வெளிச்சம் கசிகிறதோ அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள்.

அப்பர் தாம்சன் பக்கம் ஒரு பெரியவர் இரண்டு கோழிகளைப் பறிகொடுத்தபின் என்னைக் கூப்பிட்டார். பகலில் நானும் அவரும் அரைமணி நேரம் தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. ராத்திரி விளக்கு வைத்த மறுநிமிடம் முட்டைப்பெட்டியின் பின்பக்கம் ஒரு வெளிச்சக் கீற்று! மழையில் ஊறிய பிளைவுட் பலகை வளைந்து, சட்டத்தை விட்டு இரண்டு விரற்கடை விலகியிருந்தது. பலகை விளிம்பில் பச்சைப்பாசி படிந்திருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் அந்தப் பாசி துணியால் துடைத்ததுபோல் வழிக்கப்பட்டிருந்தது. பாம்பு உரசிப் போன தடம் அது. இரண்டு விரற்கடை ஓட்டை என்ன செய்யும் என்று நினைக்கிறோம். பாம்புக்குத் தலை நுழைந்தால் போதும், இரை எடுக்காத உடம்பு பின்னாலேயே வந்துவிடும்.

இப்படிச் சந்து விடுகிற இடங்கள் எல்லாக் கூட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கதவுக்கு அடியில், முட்டைப்பெட்டி மூடியின் கீல் பக்கம், தகரக் கூரையின் அலை மடிப்புக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் போகும் ஓட்டை, அப்புறம் மழையில் மண் அரித்துப்போன அடிவிளிம்பு. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் இந்தக் கடைசி இடத்தை வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எதைக்கொண்டு அடைப்பது? கடையில் கோழிவலை என்று விற்கும் அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். அதன் கண் பெரிது, கம்பியும் மெல்லியது. முட்டையிலிருந்து வெளிவந்து சில நாளே ஆன மலைப்பாம்புக்குட்டி கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், அதற்கு அது திறந்த வாசல். பற்றவைத்த சதுரக்கண் வலையாக வாங்குங்கள். கண் 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். குஞ்சுகள் இருந்தால் 6 மில்லிமீட்டர். நம் ஊர் ஈரத்துக்குத் துத்தநாகம் பூசியதாவது இருக்கவேண்டும், கைக்கு எட்டினால் துருப்பிடிக்காத எஃகு இன்னும் நல்லது. வலையை ஸ்டேப்ளர் பின்னால் மட்டும் அடித்துவிடாதீர்கள். மலைப்பாம்பு உடம்பெல்லாம் தசை. அது மூக்கை வைத்து நெம்பினால் பின் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வலைமேல் மரப்பட்டி வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள்.

கூட்டின் தரை சிமெண்ட் என்றால் கவலை குறைவு. மண்தரை என்றால் வலையை 30 சென்டிமீட்டர் ஆழம் புதையுங்கள், அல்லது அதே அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் விரித்துக் கல் வையுங்கள். மேலே கூரை கட்டாயம் வேண்டும். மலைப்பாம்பு நன்றாக ஏறும், திறந்த மேல்பக்கம் அதற்கு ஒரு தடையே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நைலான் மீன்வலை, பழவலை எதையும் சுற்றிக் கட்டாதீர்கள். பாம்பு அதில் மாட்டிக்கொண்டு திமிறத் திமிற நூல் சதைக்குள் இறங்கும். ஒருமுறை அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன், இன்னொருமுறை பார்க்க எனக்கு மனமில்லை.

அதே பாம்பு திரும்பி வருமா என்று கேட்டீர்கள். அது வராவிட்டாலும் இன்னொன்று வரும். மலைப்பாம்பு இந்தத் தீவில் இயற்கையாகவே வாழும் பிராணி, இங்குள்ள இனம்தான் உலகின் மிக நீளமான பாம்பு. ஊருக்கு அடியில் ஓடும் லோங்காங்குகள், அதாவது வடிகால்கள்தான் அது நடமாடும் சாலை. நகரத்தில் அதன் முக்கிய உணவு எலி. உங்கள் வீட்டுக்கு அதை முதலில் இழுத்தது கோழியாக இல்லாமல், கோழித்தீனிக்கு வந்த எலியாகவே இருக்கலாம். தீனி மூட்டையைச் சாக்கோடு வைக்காமல் மூடியுள்ள தகர டப்பாவில் கொட்டி வையுங்கள். மாலையில் கோழிகள் அடைந்ததும் தீனித்தட்டை எடுத்துவிடுங்கள், சிந்தியதைக் கூட்டுங்கள். கூட்டை ஒட்டி அடுக்கிய பூந்தொட்டி, பலகை, பழைய ஓடு எல்லாம் எலிக்கும் பாம்புக்கும் ஒளிவிடம், அவற்றை அப்புறப்படுத்துங்கள். முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். எலிமருந்து மட்டும் வைக்காதீர்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கோழியே கொத்தித் தின்றுவிடும்.

மாமியார் சொல்வது நல்ல எண்ணத்தில்தான். கம்பத்தில், அதாவது அந்தக்காலக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பலர் வீட்டில் பூண்டு நசுக்கிப் போட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் பூண்டு, பெருங்காயம், கந்தகம், பினாயில் எதுவும் பாம்பைத் தடுத்து நிறுத்துவதில்லை. பசித்த பாம்பு அதைத் தாண்டியே வரும். பூண்டால் கெடுதல் இல்லை, அவர் மனம் கோணாமல் நாலு பல் போட்டுவிடலாம். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். அது நஞ்சு. கோழி கொத்தும், வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும்.

இங்கே கூட்டுப்பக்கம் வரக்கூடிய இன்னொரு பாம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். மலைப்பாம்புக்கு விஷம் இல்லை, கடித்தால் காயம் ஆழமாக இருக்கும். ஆனால் கருநிறத்தில் படமெடுக்கும் துப்பும் நாகமும் சிங்கப்பூரில் உண்டு. எலி, தேரை தேடி வரும். நெருங்கினால் கண்ணைக் குறிபார்த்து விஷத்தைப் பீய்ச்சும். அதனால் இருட்டில் முட்டைப்பெட்டிக்குள் கைவிடுவதை உங்கள் வீட்டில் எல்லாரும், பணிப்பெண்ணும் சேர்த்து, நிறுத்திவிடுங்கள். விளக்கு அடித்துப் பார்த்தபின்தான் கை போகவேண்டும். விஷம் கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கடித்துவிட்டால் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 995ஐ அழையுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது.

மறுபடி பாம்பைப் பார்த்தால் பராங் கத்தியையோ விளக்குமாற்றையோ தூக்க வேண்டாம். வெந்நீரும் ஊற்ற வேண்டாம். காட்டு விலங்கை அனுமதியின்றிப் பிடிப்பதும் கொல்வதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தவிர, பாம்புக்கடி பலவும் அடிக்கப்போய்ப் படுவதுதான். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, சில மீட்டர் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, தேசிய பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண்ணை அழையுங்கள்: 1800-476-1600. 24 மணி நேரமும் எடுப்பார்கள். இரை எடுத்த பாம்பைக் குச்சியால் சீண்டினால் விழுங்கியதைக் கக்கிவிடும். கக்கிய கோழியைக் கையுறை போட்டு இரட்டைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தரைவீட்டில் சொந்தத்துக்கு 10 கோழிகள் வரை வளர்க்கலாம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் கூடாது. உங்களிடம் ஐந்துதான், அதில் சிக்கல் இல்லை. காட்டுப் பறவைகளோடு கோழி கலக்காமல் மூடிய கூடு வேண்டும் என்பது பறவைக்காய்ச்சலுக்காகச் சொல்வது. மேலே சொன்ன வலை அதற்கும் உதவும்.

ஐந்து கோழிகளும் இப்போது மிரண்டிருக்கும். சில நாள் முட்டை நின்றுபோகலாம், கூட்டில் அடைய மறுத்து மரத்தில் ஏறப் பார்க்கலாம். அதட்டாமல், இருட்டுமுன் ஒரு பிடி சோளத்தைக் காட்டிக் கூட்டுக்குள் அழைத்துப் போங்கள். ஓட்டையை அடைத்தபின் முதல் இரண்டு மூன்று இரவு, படுக்கப் போகுமுன் ஒருமுறை விளக்கோடு போய்க் கோழிகளை எண்ணிவிட்டு வாருங்கள்.